யாரும் இல்லை என்று எழுதினேன்

என் மூட்டுவலிக்கு அந்தச் சுரங்கம் ஒத்துக்கொண்டது. தரை சமம், படி கிடையாது. பதினோரு வருஷம் நடந்தேன்.

அணுவைவிடச் சின்னத் துகள்களை மின்னல் வேகத்தில் ஓடவிட்டு மோதவைக்கும் இடம் அது. அந்த ஓட்டத்துக்குப் பெயர் பீம். பீம் போடும் முன் சுரங்கம் முழுக்க நடந்து, உள்ளே ஆள் இல்லையென்று பார்த்து, பூட்டிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. உள்ளே போகிறவர் பலகையிலிருந்து ஒரு சாவி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் பீம் ஓடாது.

ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஜோடி ஒன்று உண்டாம். கணக்கில் இருக்கிறதாம், கண்ணில்தான் படவில்லையாம். அதைத் தேடுகிறார்கள். இதற்குப் படிப்பு வேறு.

என் மருமகன் அங்கே ஃபிட்டர். போன வருஷம் நான் லீவில் இருந்த ஒரு நாள் உள்ளே ஒரு குழாய் கசிந்தது. தலைமை விஞ்ஞானி அவனை விரட்டினார்: "சாவியெல்லாம் எதுக்குப்பா? ரெண்டு நிமிஷ வேலை, ஓடு." பிறகு மறந்துபோய், சுற்றிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு பீமையும் போடச் சொன்னார். கதிர்வீச்சு பட்டு மூன்று வாரம் தோல் உரிந்து கிடந்து செத்தான். சாவி எடுக்காதது அவன் தப்பு என்று விசாரணையில் எழுதினார்கள். தலைமை விஞ்ஞானியிடமே கேட்கப் போனேன்.

"யோவ், விதியை மீறினவனுக்கு நான் என்னய்யா பண்றது? போய் வேலையைப் பாரு."

பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏழாவது வளைவில், காந்தத்துக்குப் பின்னால் அவர் குப்புறப் படுத்து ஒரு கம்பியை நோண்டிக்கொண்டிருந்தார். காதில் அடைப்பான். பலகையில் ஒரு சாவியும் குறையவில்லை என்பது வரும்போதே எனக்குத் தெரியும். எட்டாவது வளைவுக்கு நடந்தேன். கதவைப் பூட்டினேன். 'யாரும் இல்லை' என்று எழுதினேன்.

"சாரை எங்கேயும் காணோமே?" என்றாள் கட்டுப்பாட்டு அறைப் பெண்.

"டீ குடிக்கப் போயிருப்பாரும்மா. நீ ஆரம்பி."

திரும்பிக் கதவருகே வந்து நின்றேன். அபாயச் சங்கு ஊதியது; அது ஓய்ந்ததும் பீம் ஓடும். உள்ளே இருக்கும் நிறுத்துப் பொத்தான் கெட்டு மூன்று வாரம். சோதனை முடியட்டும் என்று பழுதுபார்க்க விடாதவர் அவர்தான். கதவைத் தட்டினார். "ஐயா, பெரியவரே, திறங்க." பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் வாயில் ஐயா வந்தது. கதவுச் சாவி என் கையில் இருந்தது. சங்கு ஓயும்வரை நின்றேன்.

என் வாக்குமூலத்தில் நீங்கள் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். சாவி எல்லாம் பலகையில் இருந்தால் உள்ளே ஆள் இல்லை. இல்லாத ஆளுக்கு நான் எப்படிக் கதவு திறப்பது?