பேட் பிடிச்ச கை

இல்லண்ணே, அது வேணாம், தரையில விரிக்கற அந்த மெலிசு மேட்ட உள்ள வைங்க. அவ எது எடுத்தா? அதான், தெருக்கோடியில போன வருஷம் கராத்தே கிளாஸ் திறந்தாளே, மின்னல். உங்க கடையிலதான் எடுத்திருப்பா, வேற எங்க போவா. சேச்சே, போட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல. புதுசா ஆரம்பிக்கறேன்ல, சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்.

இருபத்தஞ்சு எம்எம்மா? அப்ப எனக்கு முப்பது போடுங்க.

தெரியும்ணே, எனக்குத் தெரியாதா? கராத்தேக்கு மேட் ரொம்ப மொத்தமா இருந்தா பாதம் புதையும், உதைக்கத் திரும்பறப்ப முட்டி மாட்டிக்கும். பல் டாக்டர்கிட்ட வாசல்ல உக்காந்து டோக்கன் குடுக்கறவதானேன்னு நினைச்சுடாதீங்க. அவளும் நானும் ஒரே மாஸ்டர்கிட்ட ஒரே நாள்ல சேந்தோம், ஒரே நாள்ல கறுப்பு பெல்ட் வாங்கினோம். சரி விடுங்க, இருபத்தஞ்சே போடுங்க. ஆனா கலர் வேற. அவ சிவப்பும் நீலமும்தானே? எனக்குப் பச்சை. இல்லையா? வரவழைங்க, நான் காத்திருந்து வாங்கிக்கறேன்.

அடுத்தது பஞ்சிங் பேக். தொங்கவிடறதுதான். உள்ள என்ன, மணலா? ஐயோ, மணல் நாலு மாசத்துல அடியில இறங்கிக் கல்லாயிடும்ணே, பிள்ளைங்க மணிக்கட்டு என்னத்துக்காகும்? துணி அடைச்சது எடுங்க. மூணு. இல்ல, நாலு. அவகிட்ட மூணு தொங்குது, எண்ணினேன். உள்ள எல்லாம் போகலண்ணே. அந்தப் பக்கமா நடந்து போறப்ப ஜன்னல் இருக்கு, ஜன்னல்னு இருந்தா கண்ணு போகத்தானே செய்யும்.

ஹாலா? டயர் கடை மாடி. தகரக் கூரைதான், ஏன்? அடக் கடவுளே, பேக்கத் தொங்கவிட்டா கூரையையே இழுத்துட்டு வந்துடுமா? நாலும்? ஒண்ணுகூடவா தாங்காது? ப்ச். அவளுக்கு மட்டும் கான்கிரீட் அமையுது பாருங்க. சரி, தரையில நிக்கற பேக்கே ஒண்ணு குடுங்க.

கண்ணாடி வேணாம். சுவர் முழுக்க அவ கண்ணாடி மாட்டியிருக்கறது பிள்ளைங்களுக்காகன்னா நினைக்கறீங்க? அவ மூஞ்சிய அவளே பாத்துக்கறதுக்கு.

அது என்னண்ணே உங்க தலைக்கு மேல? பேப்பர்ல வந்தத வெட்டி ஒட்டியிருக்கீங்களா? நல்லா ஒட்டுங்க. ஆமா, அவதான். காலு காது உசரத்துக்குப் போகுது, ஜடை தனியாப் பறக்குது, அழகாத்தான் இருக்கா, இல்லன்னு சொல்லல. கொஞ்சம் தள்ளிக்கோங்க. அந்த ஓரத்துல, அவ கால் படற எடத்துல, ஒரு பேட் தெரியுதா, உதைய வாங்கிக்கற மெத்தை? அதுக்குப் பின்னாடி ரெண்டு கை தெரியுதா? அது என் கை. ஆள வெட்டிட்டாங்க.

சிரிக்காதீங்க. அவளுக்கு மின்னல்னு பேரு வச்ச அதே மாஸ்டர்தான் எனக்குச் சுவர்னு வச்சாரு. நான் கொஞ்சம் வாட்டசாட்டம் இல்லையா, எவ்ளோ உதைச்சாலும் நகர மாட்டேன், அதனால பேட எப்பவும் என் கையில குடுத்துடுவாரு. பதினாலு வருஷம்ணே. அவ உதைப்பா, நான் பிடிப்பேன். சாயங்காலம் சோத்தப் பிசைய விரல் மடங்காது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ பிடிடி நான் உதைக்கறேன்னு கேட்டா, ஐயோ போட்டி வருது, கையில அடிபட்டுடும்பா. மெடல் வாங்கிட்டு மேடையில என் தோள்ல கை போட்டு, இவ இல்லன்னா நான் இல்லன்னு சொல்லுவா. சொல்றதுக்கு என்ன, வாய்தானே. எனக்கு அப்பவே வயிறெரியும். நானும் பல்ல இளிச்சுட்டு நிப்பேன்.

சரி, பேட எடுங்க. இல்லண்ணே, கட்டியா ஸ்பாஞ்ச் வச்சது, பின்னாடி ரெண்டு பட்டை இருக்குமே, அது. இருங்க, கைய நுழைச்சுப் பாக்கறேன். ம், பட்டை அழுத்துது. இப்ப நீங்க ஒரு உதை விடுங்க. வேட்டியெல்லாம் ஒண்ணும் ஆகாது, மடிச்சுக் கட்டிட்டு உதைங்கண்ணே. இதுக்கெல்லாமா வெக்கப்படுவாங்க?

என்ன சொன்னீங்க? எல்லாரும் உதைச்சுப் பாத்துத்தான் வாங்குவாங்களா? அட, ஆமால்ல. நான் பாருங்க, கடைக்கு வந்தும் பிடிச்சுட்டு நிக்கறேன். புத்தி போகுதா பாருங்க.

எத்தனை வேணுமா? அது வந்து, எத்தனை பிள்ளைங்க சேந்திருக்காங்கன்னு கேக்கறீங்க. சேருவாங்கண்ணே. ஹால் சாவி வாங்கியாச்சு, டாக்டர்கிட்ட வேலைய விடறேன்னு சொல்லியாச்சு. என் வீட்டுக்காரரும் இதையேதான் கேக்கறாரு. எல்லாரும் இதையே கேளுங்க.

அந்தப் பேட் பெரிசு. சின்னதா இருக்கா? ஏழு வயசுக்கு. உதைக்கறது ஏழு வயசு, பிடிக்கறது நான்தான். ஆமா, ஒருத்திதான். அவளும் இன்னும் சேரல. இப்போதைக்கு அங்க போறா, மின்னல்கிட்ட.

என் பொண்ணு.

நான்தான் கொண்டுபோய் விட்டேன், யாரைக் குத்தம் சொல்ல? டாக்டர்கிட்ட வேலை முடிய ஏழாகுது, அதுவரைக்கும் ஃப்ரெண்டுகிட்ட இருக்கட்டுமேன்னு. இப்ப எடுத்ததுக்கெல்லாம் மிஸ்தான். மிஸ் இப்படித்தான் ஜடை போடுவாங்க, மிஸ் பாகற்காய் சாப்பிடுவாங்க. அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் வேலை சீக்கிரம் முடிஞ்சுதுன்னு அவளக் கூப்பிடப் போனேன். ஜன்னல்ல பாக்கறேன், என் பொண்ணு உதைக்கறா. மின்னல் முட்டி போட்டு உக்காந்து பேட் பிடிச்சுட்டு இருக்கா. என் பொண்ணு உசரத்துக்குக் குனிஞ்சு, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு. எனக்கு ஒரு நாள்கூட பேட் பிடிக்காதவ. உள்ள போகல. எதிர்க்கடை வாசல்ல நின்னுட்டு, கிளாஸ் விட்டப்புறம்தான் போனேன்.

அன்னைக்கு வீட்டுல ஒரு தலகாணிய எடுத்துட்டு, வாடி, அம்மா பிடிக்கறேன், உதைன்னேன். ரெண்டு உதை உதைச்சா. நின்னுட்டா. உனக்குப் பிடிக்கத் தெரியலம்மா, மிஸ்தான் கரெக்டா பிடிப்பாங்கன்னா. எனக்குண்ணே. எனக்குப் பிடிக்கத் தெரியலையாம்.

மறுநாளே போய் ஹால் சாவிய வாங்கிட்டேன்.

அழலண்ணே, உங்க கடை ரப்பர் வாசனை கண்ணக் கரிக்குது. பச்சை மேட் வரப்ப வரட்டும், பேக்க நாளைக்கு அனுப்புங்க. இந்தச் சின்னப் பேட மட்டும் இப்பவே குடுத்துடுங்க. கட்டவெல்லாம் வேணாம், கையிலயே எடுத்துட்டுப் போறேன். மணி என்ன, நாலரையா? சீக்கிரம்ணே. அஞ்சு மணிக்கு என் பொண்ணு அங்க கிளம்பிடுவா.