சும்மா நிற்கும் சக்கரம்

யாராவது என்னிடம் வந்து தன் வண்டிக்கு எந்த லாக்கர் போடலாம் என்று கேட்டால், அவர் வீட்டுக்குப் போகும் வழி எப்படி என்றுதான் முதலில் கேட்பேன். வண்டியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். வழி தெரியாமல் லாக்கர் சொல்வது, காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

நேற்று நீங்கள் வந்து, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைக்காமல் வீட்டுக்கே வந்தது உங்கள் மரியாதை. இருபத்தாறு வருடம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவன் நான். அதனால் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிடுவது டிஃபரன்ஷியல். நல்ல ரோட்டில் அது தங்கமான ஏற்பாடு. சேற்றில் அதுவே காலை வாரிவிடும். ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றும், மற்றது கெட்டித் தரையில் சும்மா நிற்கும், வண்டி நகராது. அந்த இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் சாமான்தான் லாக்கர். அதில் இரண்டு வகையைச் சொன்னால் போதும். ஒன்று காற்றழுத்தத்தில் வேலை செய்வது. அதற்குச் சுவிட்ச் உண்டு. வேண்டும்போது பூட்டலாம், வேண்டாதபோது விடுவிக்கலாம். மற்றது சுவிட்ச் இல்லாதது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் தானே பூட்டிக்கொள்ளும், காலை எடுத்தால்தான் விடும்.

சிஜோ தன் ஜிப்ஸி ஜீப்பை மே மாதக் கடைசியில் என் ரிப்பேர் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் என் மகன் எபினுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. எபின் மூன்று வருடத்துக்கு முன்னால், மழைக்காலப் போட்டிக்குப் பழகும்போது, கழுகன்பாறையிலிருந்து வண்டியோடு கீழே போனான். அன்று பாறைக்கு மேலே நின்று அவனுக்கு வழிகாட்டியவன் சிஜோ.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. பாறை ஏறும்போது ஓட்டுகிறவன் தரையைப் பார்ப்பதில்லை. மேலே நிற்கிறவனின் கைகளைத்தான் பார்ப்பான். உள்ளங்கையைக் காட்டினால் நிற்க வேண்டும். விரல்களை மடக்கினால் வர வேண்டும். தன் கண்ணைவிட அடுத்தவன் கையை நம்புகிறவன்தான் நல்ல ஓட்டுநர் என்று சொல்வார்கள். எபின் நல்ல ஓட்டுநர்.

எபின் போன முதல் வாரம் நான் விசாரித்தபோது, வலது கையைத் தூக்கி நிற்கச் சொன்னேன் என்றான் சிஜோ. நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு வந்தபோது இரண்டு கையையும் தூக்கினேன் என்றான். முதலாண்டு நினைவுக்கான குர்பானா பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது மறுபடி கேட்டேன். “ஞாபகமில்ல சாரே” என்றான். உண்மைக்கு மூன்று வடிவம் இருக்க முடியாது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குர்பானா முடிந்து மீனோடு வருவான். குற்றமில்லாதவன் எதற்கு வாரம் தவறாமல் மீன் கொண்டுவர வேண்டும்? எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான், ஆனால் எபினின் நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டான். அதையும் கவனித்து வைத்திருந்தேன். என் மனைவி ஏலிக்குட்டி அவனுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தாள். பெண்களுக்கு மன்னிப்பது எளிது, அவர்கள் கேள்வி கேட்பதில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

“மழைக்கு முன்னாடி பின் ஆக்சிலுக்கு லாக்கர் போட்டுடணும் சாரே. காத்துல வேல செய்யுமே, அது போடலாம்னு பாக்கறேன்” என்றான்.

“வீட்டுக்கு வழி அதேதானே?”

“அதேதான். கழுகன்பாறையத் தாண்டாம எங்க வீட்டுக்குக் காக்கா கூட வராது.”

எனக்குத் தெரிந்த பதில்தான். இருந்தாலும் கேட்டேன்.

“காத்துக் குழாய் கல்லுல உரசி அறுந்தா நடுச் சேத்துல என்ன செய்வே? அதுவும் நீ போனக் கையில வச்சுக்கிட்டே போனத் தேடறவன். சுவிட்சப் போட்டா அணைக்க மறந்துடுவே.”

ஏலிக்குட்டி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “போன மாசம் குர்பானா முடிஞ்சு பொண்டாட்டியையே மறந்துட்டு வந்தவன்தானே.”

“அம்மச்சி, அது ஒரு தடவ. மெர்லின் கூட மறந்துட்டா, நீங்க விட மாட்டீங்களே.” பிறகு என் பக்கம் திரும்பினான். “சரி, சுவிட்ச் இல்லாததே போடுவோம். ஆனா சாய்ஞ்ச பாறையில அது பின்பக்கத்த இறக்கிடும்னு சொல்றாங்களே சாரே?”

“யார் சொன்னா?”

“யூடியூப்ல.”

“அப்ப யூடியூபையே ஸ்பானர் எடுத்துட்டு வரச் சொல்லு.”

மூவரும் சிரித்தோம். நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் சரியான கேள்வியைக் கேட்டான், நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான். பாலிடெக்னிக்காக இருந்தால் சொல்லியிருப்பேன். பாசி பிடித்த சாய்வில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது சுற்றும் சக்கரம் அல்ல. சும்மா நிற்கிறதே, அந்தச் சக்கரம்தான். இரண்டையும் பூட்டி மிதித்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். எடையும் நீளமும் குறைந்த சின்ன வண்டி இன்னும் சீக்கிரம் இறங்கும்.

முன் ஆக்சிலுக்கு எதுவும் வேண்டாம், ஸ்டியரிங் கனத்துவிடும் என்றேன். அது நல்ல அறிவுரை. புதிய லாக்கர் வாங்க வேண்டாம், அதிகம் ஓடாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்றேன். அதுவும் உண்மை.

இரண்டு நாள் வேலை. பற்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, புது ஆயில் ஊற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்கினேன். பிரேக் குழாயில் ஒரு கசிவு இருந்தது, அதையும் சரிசெய்து கொடுத்தேன். ஒரு போல்ட்டைத் தளர்வாக விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்கிறவன் கொலைகாரன்.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சிஜோ போன் செய்தான். “சாரே, சேத்துல ஆனை மாதிரி ஏறுது.” சந்தோஷம் என்றேன். பாறையில் பாசி நன்றாகப் படர மூன்று, நான்கு வாரம் விடாத மழை வேண்டும். எனக்கு அவசரம் இல்லை.

ஜூலை இரண்டாம் ஞாயிறு கரிமீன் கொண்டுவந்தான். ஏலிக்குட்டி மரவள்ளிக்கிழங்கு வேகவைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“நேத்து பாறையில பின்பக்கம் ஒரு சாண் நழுவிடுச்சு சாரே.”

“நீ என்ன செஞ்சே?”

“பயந்து காலை எடுத்துட்டேன். நின்னுடுச்சு.”

அவன் கால் அவனுக்குச் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

“மெர்லின் கூட இருந்தாளா?”

“இல்ல, அவ பாலாவுல அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. புதன்கிழமைதான் வருவா.”

அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சொன்னேன். நான் இரக்கம் இல்லாதவன் அல்ல.

“காலை எடுத்தது தப்பு. இனி நழுவினா எடுக்காதே. மிதிச்சுப் பிடி. ஒரே மூச்சுல தாண்டிடும்.”

“சரி சாரே.”

அப்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசப் பேச என் வலது கை, மிதி மிதி என்பதுபோல் முன்னால் அசைந்துகொண்டிருந்ததை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினான். ஏலிக்குட்டி ஒரு டப்பாவில் மீன் குழம்பு கொடுத்தாள். “பாத்துப் போ மோனே” என்றாள். நாலரைக்குத் தகவல் வந்தது. மழை, பாசி, பழைய பாறை, ஊருக்கு அந்தக் காரணங்களே போதுமாக இருந்தன. அடக்கத்துக்குப் போனேன். பெட்டியின் முன்பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன்.

உங்களுக்குத் தகவல் சொன்னது ஏலிக்குட்டி என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. பத்து நாள் முன்னால் வீடு பெருக்கும்போது அதைத் திறந்திருக்கிறாள். ஷெட் வாசலில் வந்து நின்று கேட்டாள்.

“இச்சாயா, எபின் மோன் வண்டியிலேருந்து கழட்டுன லாக்கர் இதுலதானே இருந்துச்சு? எங்க அது?”

நான் ஸ்பானர்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாய்வில் அந்த லாக்கர் பின்பக்கத்தை இறக்கும் என்று எனக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று நேற்று கேட்டீர்கள். பார்த்திருக்கிறேன். எபின் போன மறுநாள் பாறைக்கு ஏறிப் போனேன். பாசியில் இரண்டு தடங்கள், ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல், பக்கவாட்டில் பள்ளம்வரை போயிருந்தன. இரண்டு பின்சக்கரமும் ஒன்றாக வழுக்கினால்தான் அப்படி விழும். சிஜோவின் வண்டியும் அதே மாதிரி இரண்டு கோடு போட்டிருந்தது.

ஆக, சிஜோவைத் தெரிந்தே கொன்றவன் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் லாக்கரில் குறை இருந்தது என்று உங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்ததிலும் தவறு இல்லை. எபினும் முதலில் சுவிட்ச் உள்ளதுதான் வேண்டும் என்றான். மறந்துபோவாய் என்று அவனிடமும் சொல்லி, நான்தான் இதே லாக்கரைத் தேர்ந்தெடுத்து, என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன். சாய்வில் என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை. அப்பா மாட்டியதை அவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

எனவே இந்த வழக்கில் விசாரிப்பதற்கு மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அன்று பாறைக்கு மேலே நின்ற சிஜோ எந்தக் கையைத் தூக்கினான் என்பதை எப்படியாவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.