போய்வருகிற தூரம்

கரண்ட் பைக் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் நான் சொல்வேன், தம்பி. நம்முடைய ஊர்களுக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. மேடு பள்ளம் இல்லாத பூமி. பொத்துவில் வரைக்கும் போனாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றிரண்டு பாலங்கள்தான் வரும். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விற்கிறவன் மறைத்துவிட்டான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். கரையோரத்தில் வைத்திருந்தால் உப்புக்காற்றுக்கு ஆணியெல்லாம் துருப்பிடிக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வயல் பக்கம் போனால், எதிர்க்காற்றில் பெற்றரி சீக்கிரம் இறங்கும். சத்தம் இல்லாதபடியால் ரோட்டில் படுத்திருக்கும் மாடு எழும்பாது. ஹோர்ன் அடித்தால் மாடு எழும்பாமல் பக்கத்தில் நடந்துபோகிற மனிதர் துள்ளி விழுந்து ஏசுவார். மற்றபடி சோலி இல்லாத வண்டி.

இது என் மனைவி றுமானாவின் வண்டி. சவளக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். போன மாரியில் கிட்டங்கித் தாம்போதியில், ஆற்றுக்குள்ளால் போகிற அந்தப் பதிந்த ரோட்டில், வெள்ளம் இழுத்து மௌத்தானாள். மருதமுனையிலும் பேசியிருப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். பைக்கும் தண்ணீருக்குள் கிடந்ததுதான். அதற்காக யோசிக்க வேண்டாம். மோட்டரைக் கழற்றிக் காயவைத்து, பழுதானதையெல்லாம் மாற்றிவிட்டேன். கல்முனையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், வயர் வேலை எனக்குக் கை வந்த வேலை.

அவள் போனதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். மரண விசாரணை செய்தவர் வந்தார், பொலிஸ் வந்தது, பள்ளிவாசலில் இருந்தும் வந்தார்கள். எல்லோரும் மழையைப் பற்றிக் கேட்டார்கள், தாம்போதிக்கு வேலி போடாததைப் பற்றிக் கேட்டார்கள். பைக் எப்படி ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள். தேத்தண்ணியைக் குடியுங்கள், சொல்கிறேன்.

அவள் தன்னுடைய சம்பளத்தில் வாங்கினாள். அதற்கு முன்பு பஸ்ஸிலும் ஓட்டோவிலும் தொங்கிக்கொண்டு போய்வந்தவள். முதல்நாள் அபாயாவைச் சுருட்டிக் காலுக்குள் செருகிக்கொண்டு இந்த ஒழுங்கையின் முடிவுவரை போய்த் திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கலியாணம் முடித்த அன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. எனக்கு அவள் என்றால் உயிர், தம்பி. இதை நீங்கள் நம்ப வேண்டும். மிச்சத்தை நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

சத்தம் இல்லை என்பதுதான் எனக்குப் பழக்கப்படவில்லை. என்னுடைய பெற்றோல் பைக் சந்தியில் திரும்பும்போதே அவள் கேட்டுவிடுவாள். நான் வாசலுக்கு வரும்போது அடுப்பில் கேத்தல் இருக்கும். அவள் வருவதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் முற்றத்தில் நிற்பாள். எப்போது வந்தாள், எந்தப் பக்கத்தால் வந்தாள் என்று தெரியாது. வந்த பிறகுதான் வந்தது தெரியும். அதனால் மீற்றரைப் பார்க்கப் பழகினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிற தூரம் எனக்குத் தெரியும். மீற்றர் அதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டியது. ஒருநாள் என்றால் கடைக்குப் போயிருப்பாள் என்று விடலாம். கிழமையில் பல நாள் அப்படி இருந்தது.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போய் இருக்கிறவன். நீங்களும் இப்போது அப்படித்தானே இருக்கிறீர்கள். இந்த வீடு அவளுடைய பெயரில் இருந்தது. இந்தப் பக்கம் அவளுடைய மூத்த காக்கா வீடு, அந்தப் பக்கம் இளைய சகோதரர் வீடு. நான் கொஞ்சம் குரலை உயர்த்திக் கதைத்தால் இரண்டு மதிலுக்கும் கேட்கும். மாமி என்னைத் தங்கமான மருமகன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எங்கே போகிறாய் என்று ஒருதரம் கேட்டால் அந்தப் பெயர் போய்விடும். இந்த வீட்டில் என் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பைக்கைப் பார்த்துக்கொள்கிற வேலை. சார்ஜ் போடுவதும் கழற்றுவதும் நான்.

இருக்கையைத் தூக்கினால் பெற்றரிகள் வரிசையாக இருக்கும், பார்த்தீர்களா. ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோர்த்தவை. அதில் ஒன்று பலவீனமாக இருந்தால் மற்றவை நல்லதாக இருந்தும் பயனில்லை, எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். நான் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய பைக்கிலிருந்து எடுத்த தேய்ந்ததைப் போட்டேன். நிற்கும்போது சார்ஜ் முழுசாகக் காட்டும். ஓட ஓடத்தான் தெரியும். நானே ஓட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் போய்வர மட்டும் தாங்குகிற ஒன்றாகத் தேடிப் போட்டேன். அவளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று அவ்வளவு கவனம் எடுத்தேன்.

முதல்முறை கல்முனையில் பைக் நின்றபோது வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பெற்றரி பழசாகிவிட்டது என்று நான் சொன்னேன். நம்பினாள். எனக்குத்தானே அந்த வேலை தெரியும். புதுசு மாற்றுவோமா என்று கேட்டாள், பார்ப்போம் என்றேன். பிறகு மீற்றர் சரியான தூரத்தைக் காட்டத் தொடங்கியது. எனக்கு நல்ல நித்திரை வந்தது. அவளுக்குத்தான் வரவர முகம் வாடிப்போனது. பள்ளிக்கூட வேலை கூடிவிட்டதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மாமியிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே இருந்து கேட்டேன்.

“அவர் பாத்து வெச்சிருக்கிறதாலதான் உம்மா இதாவது ஓடுது. இல்லாட்டி எப்பயோ நிண்டிருக்கும்.”

அன்று பின்னேரம் பைக்கைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

மாரி வந்தது. அன்று காலையிலிருந்து விடாத மழை. பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். நான் கடையில் இருந்தேன். போன் எடுத்தாள். பின்னால் மழைச்சத்தம் கேட்டது, ஆட்கள் சத்தம் கேட்டது.

“இஞ்சாருங்க, கிட்டங்கியில தண்ணி ஏறுது. தாம்போதியால போகாம சுத்திப் போகச் சொல்றாங்க. பெற்றரி தாங்குமா?”

“தாங்காது,” என்றேன். அது உண்மைதானே. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

“அப்ப சிவக்கொழுந்து டீச்சர்ர வீட்டுல நிக்கட்டா? சொறிக்கல்முனை கிட்டத்தானே. விடியத் தண்ணி வத்தினோண்ண வாறன்.”

சிவக்கொழுந்து அவளோடு படிப்பிக்கிறவர். நல்ல மனுசி, எனக்கும் தெரியும். ஆனால் இப்போது டீச்சர் வீடு, பிறகு யார் வீடு என்று எனக்குள் ஒன்று அரித்தது. மீற்றரில் கூடியிருந்த அந்தத் தூரம் ஞாபகத்துக்கு வந்தது. பெற்றரியின் விசயத்தை அந்த இடத்திலே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

“ஆக்கள் போறாங்கதானே புள்ள. மெதுவா வா,” என்றேன்.

பக்கத்தில் நின்ற ஆட்களிடம் ஏதோ கேட்டாள். பிறகு, “சரி, வாறன்,” என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

தங்கராசா என்று ஒருவர் அந்தப் பக்கத்தில் வலை வீசுகிறவர். அவர்தான் கண்டவர். முழங்காலளவு தண்ணீரில் பாதித்தூரம் நன்றாகத்தான் வந்தாளாம். நடுவில் பைக் நின்றதாம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதற்கு மோட்டர் கூட இழுக்கும், தேய்ந்த பெற்றரி அதைத் தாங்காது. நான் காய்ந்த ரோட்டில்தான் ஓட்டிப் பார்த்தேன், அந்தக் கணக்கை நான் போடவில்லை. அவள் இறங்கித் தள்ளியிருக்கிறாள். இழுவை கூடக்கூட, வண்டியை விட்டுவிட்டு வரச்சொல்லி அவர் கத்தியிருக்கிறார்.

“நான் கத்தினன் தம்பி, விட்டுட்டு வா மகள் எண்டு. புள்ள கைய எடுக்கல்ல. ரெண்டு கையாலயும் புடிச்சபடிதான் போனா.”

சொல்லும்போது அந்த மனிதர் அழுதார். நான் அவருடைய தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னேன்.

அவளுக்காகக் கத்தம் ஓதிய அன்று சிவக்கொழுந்து டீச்சர் வந்தார். மாமியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, போகும்போது என்னிடம் வந்தார். றுமானா இரண்டு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். எந்தக் கடல் என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டா நேர வீட்ட போகமாட்டா. கரைப் பாதையால சாய்ந்தமருது முடியுமட்டும் ஒருக்கா ஓடிட்டுத்தான் போவா. என்னையும் ஒருநாள் ஏத்திக்கொண்டு போனவ. தோணியடியில நிப்பாட்டிப்போட்டு கடலப் பாத்துக்கொண்டு நிண்டா. பெற்றரி கெட்டுப்போச்சு, இனி ஏலா எண்டு சொன்னவ.”

அவ்வளவுதான், தம்பி. மீற்றரில் கூடியிருந்த தூரம் அதுதான். போய் அளந்தும் பார்த்தேன். கல்முனையிலிருந்து கரைப் பாதையால் சுற்றி வந்தால் சரியாக அவ்வளவுதான் வருகிறது. அவள் நின்ற இடத்தில் நானும் கொஞ்சநேரம் நின்றேன். கடல் இருந்தது, தோணிகள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. அங்கே நின்றுதான் நான் வாய்விட்டு அழுதேன், அவளுடைய ஜனாஸாவுக்கு முன்னால் நின்றுகூட அழவில்லை.

மாமிக்குத் தெரியாது. இன்னும் எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறார். மகள் போனாலும் மருமகன் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று மச்சான்மாரிடம் சண்டை பிடித்து என்னை நிறுத்திவைத்திருக்கிறார். நீங்கள் குடிக்கிற தேத்தண்ணியும் அவர் ஊற்றியதுதான்.

நான்தான் அவளைக் கொன்றேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. நினையுங்கள், நான் மறுக்கவில்லை. அந்தப் பெற்றரியைப் போட்டது நான், தாங்காது என்றது நான், வா என்றதும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. ஆனால் இரவும் பகலும் யோசித்துப் பார்த்ததில் என் பிழை எங்கே என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் அளவைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். மாரிகாலத்துக்கென்று கொஞ்சம் கூட்டி வைத்திருக்க வேண்டும். கரைக்குப் போய்வரவும் ஒரு தூரம் விட்டிருக்கலாம்.

இருங்கள், ஏன் எழும்புகிறீர்கள். வண்டியில் இப்போது எல்லாம் நல்ல பெற்றரி. அந்தத் தேய்ந்ததை நான் எறியவில்லை, உள்ளே பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரிக்குத்தானே வாங்குகிறீர்கள். அவர் எங்கே எங்கே போய்வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், தம்பி, இந்த முறை சரியான அளவுக்குப் போட்டுத் தருகிறேன்.