காலக்கூண்டின் கதவு

ஏலக்காய் உலரும்போது பாதியில் கதவைத் திறந்தால் பச்சை போய்விடும். போடிச் சந்தையில் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். இந்தத் தோட்டத்தில் உலர்த்தும் அறையைப் பதினெட்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்பு நடிகனாக இருந்தேன்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வான்மாறன் நான்தான். காலக்கூண்டில் ஏறி எந்த நூற்றாண்டுக்கும் போவான். நூற்று நான்கு வாரமும் அவன் ஒருவரையும் கொல்லவில்லை. எழுதியவர்கள் இரண்டு முறை கொல்லச் சொன்னார்கள். மறுத்தேன். பிறகு வேலை வரவில்லை. மனைவி போய்விட்டாள். வான்மாறன் யாரையும் கொல்லவில்லை என்பது மட்டும் என்னிடம் இருந்தது.

இந்த வருடம் அந்தத் தொடரைப் படமாக எடுக்க, எங்கள் தோட்டம் இருக்கும் குரங்கணிக்கு வந்தார்கள். என் உலர்த்தும் அறைதான் புதிய காலக்கூண்டு. வான்மாறனாக நடித்த பாண்டியராஜன் தேவாரத்துக்காரர். மரியாதையானவர். சின்ன வயதில் என்னைப் பார்த்துத்தான் நடிக்க ஆசை வந்தது என்றார். முதல் காட்சியில் அவர் பழைய வான்மாறனைச் சுட வேண்டும். பழையவன் நான்.

அதை மட்டும் எடுக்க வேண்டாம் என்று இயக்குநரிடம் மூன்று முறை கேட்டேன். கடைசியில் பாண்டியராஜனின் காலைத் தொட்டேன். பதறிப்போய்த் தூக்கிவிட்டார்.

“அட விடுங்கண்ணே. டம்மித் துப்பாக்கிதானே. செத்துட்டு எந்திரிச்சு ரெண்டு பேரும் டீ குடிக்கப் போறோம்.”

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஆள் இல்லை. வான்மாறன் கூண்டிலிருந்து எப்படி இறங்குவான் என்று கற்றுக்கொள்ளப் பாண்டியராஜன் காலையில் தனியாக வந்தார். உள்ளே போய் நின்று பழகச் சொன்னேன். தட்டுகளில் காய் பரப்பியிருந்தது. தாழ்ப்பாளைப் போட்டேன். அடுப்பு வெளியே இருக்கிறது. மூட்டினேன்.

முதலில் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணே, வெரசா தொறங்க, புழுங்குது” என்றார். அந்தக் காட்சியில் நடிக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன்.

“நடிக்கலண்ணே. எங்காத்தா மேல சத்தியம். தொறங்க.”

நல்ல நடிகர். அதனால் நம்ப முடியவில்லை.

தட்டுவது மதியத்துக்குப் பிறகு நின்றது. சாயங்காலம் தேடி வந்தவர்களிடம், ஜீப்பில் கீழே இறங்கிவிட்டார் என்றேன். விறகு போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போதாவது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். காயில் இன்னும் ஈரம் இருந்தது. மறுநாள் திறந்தேன். நிறம் நன்றாக வந்திருந்தது.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ‘கொன்றேன்’ என்று ஓர் இடத்தில் இருக்கிறது. அதை மட்டும் மாற்றுங்கள். என் கையில் துப்பாக்கி இல்லை. வான்மாறன் யாரையும் கொன்றதில்லை.