ஆறு வார்த்தைகள்

— டாக்டரே விளையாடலாம்னுட்டாரு. நீங்க ஏங்க என் தம்பி பேரை அடிச்சீங்க?

— நாளைக்கு பைனல்ல யார் இறங்கணும்னு கோச் நான்தானே எழுதணும்.

— புருஷன்கிட்ட கேட்டா கோச் பதில் சொல்றாரு. எட்டு வருஷமா இந்த ஒரு ஆட்டத்துக்குத் தவம் கிடக்கறான் அவன்.

— தெரியும்மா. ஆனா போன ஆட்டத்துல தலையில அடி வாங்கினதும் எழுந்து எதிரணி வரிசையில போய் நின்னான்.

— ரக்பின்னா அடிபடத்தான் செய்யும். அதான் ஞாபகப் பரிசோதனை வெச்சாங்களே. பத்து வார்த்தையில ஆறு திருப்பிச் சொன்னான். சீசன் ஆரம்பத்துல, அடிபடறதுக்கு முன்னாடி வெச்சப்பவும் ஆறுதான்.

— சீட்டே இல்லாம நாப்பது சாமான் வாங்கிட்டு வர்றவனுக்கு, அப்ப மட்டும் ஆறா?

— என்ன சொல்ல வர்றீங்க?

— வேணும்னே குறைச்சுச் சொல்லியிருக்கான். பின்னாடி அடிபட்டாலும் அந்த ஆறைத் தொட்டா ஆட விட்டுடுவாங்கல்ல.

— அவனுக்கு அவ்வளவு சூது தெரியாது.

— சூது இல்ல, ஆசை. நானும் அதைத்தான் செஞ்சேன்.

— செஞ்சு என்ன கெட்டுப்போச்சு? தலையில அடியோடதான் உங்க காலத்து பைனலை ஆடினீங்க. மூணு பேர் மேல தொங்க, இழுத்துக்கிட்டே போய்க் கோட்டுல பந்தை வெச்சு ஜெயிக்க வெச்சீங்க. அந்தப் பேருலதான் இந்த கோச் வேலையே கிடைச்சுது. நீங்க அனுபவிச்சதை அவன் அனுபவிக்கக் கூடாதா?

— நான் அனுபவிச்சேன்னு யார் சொன்னா?

— பின்ன, ஞாயித்துக்கிழமையானா அந்த வீடியோவைப் போட்டுக்கிட்டு ஏங்கிப்போய் உக்காந்திருக்கறது யாரு?

— பெருமைக்கா பாக்கறேன்? ஏதாவது ஒண்ணு திரும்பி வராதான்னு பாக்கறேன். அன்னிக்குக் காலையில ஷூ லேஸ் கட்டினது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவுல அந்த நாளே என்கிட்ட இல்ல.

— விளையாடாதீங்க. கூட்டம் கலைஞ்சப்புறம் அந்தக் கோட்டுப் பக்கத்துல நின்னுதானே நாம... கல்யாண நாள் வந்தா எல்லாருக்கும் நீங்களே சொல்வீங்களே.

— நீ சொல்லிக் கேட்டதைத்தான் சொல்றேன். கட்டிக்கிறியான்னு கேட்டேனாம். நீ அழுதுக்கிட்டே சரின்னியாம்.