சாமி மேடைப் பலகை

பீடோரிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் அன்று இருந்தது டிரைவர், கண்டக்டர், கீரைக்கூடையோடு ஒரு சீனப் பெண், பலகைத் தொழிற்சாலைச் சட்டை போட்ட இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் நான். அவ்வளவுதான்.

“எறும்பு சாமிக்கு வச்ச பொங்கல விட்டுட்டுப் பலகையத் திங்குது மச்சான்” என்றார் அந்த இருவரில் மீசைக்காரர்.

“எந்தப் பலகை?”

“பாமாயில் செம்பனை மரத்தூள்ல சோதனைக்குப் போட்டோமே, அதான். வீட்ல சாமி மேடையா அடிச்சேன். தண்ணி, எண்ணெய், கற்பூரம் எல்லாம் தினமும் படுது. இதவிட டெஸ்ட் ஏதுலா?”

“ஊறிப்போச்சா?”

“இல்ல, புதுப் பசை நல்லா நிக்குது. மரம்தான் இனிப்பு. தூள இனிப்புப் போகக் கழுவாமலே பசை போட்டுட்டோம்.”

என் வீட்டு அலமாரியும் தூள்பலகைதான். கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டேன்.

மற்றவர் குரலைத் தாழ்த்தினார். “திங்கக்கிழமை முதலாளி தவுக்கே பாக்க வர்றாரு. சொன்னா செம்பனையே வேணாம்பாரு. எஸ்டேட்ல ரப்பர் மரமும் தீந்துபோச்சு. அப்புறம் நமக்கு வேல ஏது?”

மீசைக்காரர் தலையாட்டி மறுத்தார்.

“சொல்லாம வித்தா, வாங்குனவன் வீட்ல எறும்பு சொல்லிடும். மேடையக் கழட்டிட்டேன். கழுவின தூள்ல இன்னொரு பலகை போட்டு, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு அவருகிட்டக் காட்டலாம்.”

“அதுவரைக்கும் சாமி?”

“பிஸ்கட் டின் மேல. உங்கக்காதான் எங்கிட்டப் பேச மாட்டேங்குது.”