எமிலியானா பள்ளத்தில் இறங்கிய நாள்

– ரெஜினாப்பா, பிரேக்கு காந்துற வாசம் வருதே...

– பிரேக்க மிதிக்காத. சின்ன கியர்லயே விடு. நீ சந்தைக்கு ஓட்டுற வெங்காய வண்டின்னு நினைச்சுக்க.

– வெங்காயம் உருண்டா பொறுக்கிக்கலாம். இங்க உருண்டா நம்மளப் பொறுக்க ஆள் வரணும்.

– பதினாலு வருசமா இந்தப் பள்ளத்தப் பாக்க வர்ற வெள்ளைக்காரங்கள ஏத்திக்கிட்டு இறங்கறேன். ஒண்ணும் ஆகாது.

– பதினாலு வருசத்துல பொண்டாட்டிய உங்க வண்டி ஸ்டியரிங்கத் தொட விட்டிருக்கீங்களா? இன்னைக்கு மட்டும் என்ன...

– அதான் முதுகுவலின்னேன்ல.

– ம்... முதுகுவலி. அய்யோ, கடவுளே...

– என்ன? என்ன ஆச்சு?

– மேகம் விலகிடுச்சு. ரெஜினாப்பா... ஒரு மலையே உள்ள விழுந்து, அதுக்குள்ள தனியா ஒரு நாடு இருக்கு. சுத்திலும் மலைச்சுவரு. எதிர்ப்பக்கத்துச் சுவரு அவ்வளவு தூரத்துல, நீலமா... அதுமேல மேகம் பால் பொங்கி வழியற மாதிரி இறங்குது.

– எரிமலை இருந்த இடமில்லையா. நீ ரோட்டப் பாரு.

– பக்கத்து ஊரு கரட்டூவுல இருந்துக்கிட்டு இதப் பாக்காமயே செத்திருப்பேன். கீழ ஏரி... கரையெல்லாம் ரோஸ் கலரு.

– பூநாரை.

– அவ்வளவுமா? இப்ப எழும்புது... கரையே கிளம்பிப் பறக்குது.

– ம்... பறக்கும். ஏரி உப்பு மூக்குல ஏறுது பாரு, தரைக்கு வந்துட்டோம்.

– வந்துட்டோம். வலப்பக்கம் வரிக்குதிர, எண்ணி மாளாது. ரெண்டு ரெண்டா ஒண்ணு முதுகுல ஒண்ணு தலைய வெச்சுக்கிட்டு நிக்குது.

– இது இந்தப் பக்கம் பாக்கும், அது அந்தப் பக்கம் பாக்கும். சிங்கம் வருதான்னு.

– நடுவுல தாடி வெச்ச மாடு. அப்படியே உங்க அண்ணன் மூஞ்சி.

– எங்க அண்ணன் உன்ன என்ன பண்ணான்... வாயே வலிக்காதா உனக்கு? காலைலேர்ந்து ரேடியோ மாதிரி.

– வலிக்கட்டும். அந்த... ரெஜினாப்பா, யானை. தந்தம் தரையத் தொடுது. பக்கத்துலயே நிக்குது...

– இஞ்சின அணை. அசையாத... கேக்குதா? அடிவயித்துலேர்ந்து உறுமுது. கோவமில்ல, பயப்படாத.

– பயமில்ல. உடம்பெல்லாம் சிலிர்க்குது. அழுகை வருது, ஏன்னே தெரியல.

– முத நாள் எனக்கும் இப்படித்தான்... வெள்ளைக்காரங்க முன்னாடி வெக்கமாப் போச்சு.

– அதோ, யானைக்கு அந்தாண்ட பாறைமேல சிங்கம். தெரியுதா?

– எங்க... ஆங், தெரியுது. ஆண்தான். பிடரி நல்லாக் கருத்திருக்கு.

– அங்க பாறையுமில்ல, சிங்கமுமில்ல. ரெண்டு மாசமா டீயக் கப்புக்கு வெளிய ஊத்தறீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

– ...திங்கக்கிழமையே வேலைய விட்டுட்டேன், எமிலியானா. நம்பி ஏறுறவங்கள எங்கயாவது கவுத்துட்டேன்னா? டாக்டரு, கண்ணு இனிமே தேறாதுன்னுட்டாரு. ஊரு உலகத்துக்கெல்லாம் காட்டினேன், உனக்குக் காட்டல. மிச்சமிருக்கிற வெளிச்சமும் போறதுக்குள்ள ஒருதடவ காட்டிடணும்னு...

– நீங்க எங்க காட்டினீங்க? மேலேர்ந்து இங்க வரைக்கும் ஒண்ணு விடாம நான்தான உங்களுக்குக் காட்டிக்கிட்டு வரேன்.